வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று மெயில் வந்தால்: அலுவலகங்களைக் குறிவைக்கும் தூண்டில் மோசடி

கூகுளும் ஃபேஸ்புக்கும் 2013 முதல் 2015 வரை ஒரே ஆளிடம் ஏமாந்தன. லித்துவேனியாவைச் சேர்ந்த எவால்தாஸ் ரிமசவுஸ்காஸ் என்பவர் லாட்வியாவில் ஒரு கம்பெனியைப் பதிவு செய்தார். இரு நிறுவனங்களுக்கும் வன்பொருள் செய்துகொடுக்கும் தைவானின் குவாண்டா கம்ப்யூட்டர் பெயரையே அதற்கும் வைத்தார். அந்தப் பெயரில் வங்கிக் கணக்குகள் திறந்தார். அப்புறம் போலி இன்வாய்ஸ், போலி ஒப்பந்தம், போலிக் கடிதம் எல்லாம் தயாரித்து, குவாண்டாவின் ஆட்கள் அனுப்புவதுபோல மெயில் போகச் செய்தார். 12 கோடி டாலருக்கு மேல் அவருடைய கணக்குகளுக்குப் போய்ச் சேர்ந்தது. 2019 டிசம்பரில் நியூயார்க் நீதிமன்றம் அவருக்கு 5 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது.

விவரம் தெரியாதவர்கள்தான் ஏமாறுவார்கள் என்ற எண்ணத்தை இந்த ஒரு வழக்கே போக்கிவிட வேண்டும். பணத்தை அனுப்பியவர்கள் உலகின் மிகப் பெரிய தொழில்நுட்ப நிறுவனங்களின் ஊழியர்கள். பில் வந்தது, பணம் அனுப்பினார்கள். தினமும் செய்யும் வேலைதான். ஃபிஷிங் எனப்படும் தூண்டில் மோசடி அறியாமையைவிடப் பழக்கத்தையே அதிகம் நம்பியிருக்கிறது. மேலாளர் கேட்டால் உடனே செய்வது, லாகின் பக்கம் வந்தால் பாஸ்வேர்டு போடுவது, வாடிக்கையாளர் அனுப்பிய கோப்பைத் திறப்பது எல்லாமே நல்ல ஊழியரின் பழக்கங்கள். அவற்றுக்கு நடுவில்தான் மோசடி மெயிலைச் செருகுகிறார்கள்.

## மூன்று வகை

நம்பத்தகுந்த ஒருவரின் வேடத்தில் மெயில் அனுப்பி, பாஸ்வேர்டையோ பணத்தையோ கோப்புகளையோ பறிப்பதுதான் ஃபிஷிங். அலுவலகத்துக்கு வருவதை மூன்றாகப் பிரித்துக்கொண்டால் மற்றது புரியும்.

1. பொதுவலை. ஒரே மெயிலை லட்சக்கணக்கானோருக்கு அனுப்புவது. 'உங்கள் மெயில்பாக்ஸ் நிறைந்துவிட்டது', 'வருமான வரி ரீஃபண்ட் காத்திருக்கிறது', 'கூரியர் நிற்கிறது' போன்றவை. பெரும்பாலும் ஸ்பேம் வடிகட்டியிலேயே நின்றுவிடும்.

2. குறிவைத்த தூண்டில். உங்கள் பெயர், பதவி, நீங்கள் பார்க்கும் வேலை எல்லாம் தெரிந்து எழுதப்படுவது. இந்த விவரங்களுக்கு உளவு எதுவும் தேவையில்லை. லிங்க்ட்இன் பக்கமும் கம்பெனியின் இணையதளமும் போதும்.

3. வணிக மெயில் மோசடி. இதில் லிங்க்கோ வைரஸோ இல்லாமலும் இருக்கலாம். 'இந்தக் கணக்குக்குப் பணம் அனுப்புங்கள்' என்ற வேண்டுகோள் மட்டுமே இருக்கும். பணம் அதிகம் போவது இங்கேதான். அமெரிக்காவின் எஃப்.பி.ஐ.க்கு 2023-இல் வந்த புகார்களின்படி இந்த ஒரு வகையில் மட்டும் இழப்பு சுமார் 290 கோடி டாலர்.

## அனுப்புநர் பெயர் ஏன் பொய் சொல்கிறது

மெயில் ஒரு சர்வரிலிருந்து இன்னொரு சர்வருக்குப் போகும் விதிமுறைக்கு எஸ்.எம்.டி.பி. என்று பெயர். 1982-இல் அதை வகுத்தபோது வலையமைப்பில் இருந்தவை சில நூறு கணினிகள்தான். பெரும்பாலும் பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும். யாரும் யாரையும் சந்தேகிக்க வேண்டியிருக்கவில்லை. அதனால் அனுப்புநர் இடத்தில் எந்தப் பெயரை எழுதினாலும் சர்வர் ஏற்றுக்கொண்டது. தபால் உறையின் மூலையில் 'அனுப்புநர்: மாவட்ட ஆட்சியர்' என்று யார் வேண்டுமானாலும் எழுதிப் பெட்டியில் போடலாம், தபால்காரர் அதைச் சரிபார்ப்பதில்லை. மெயிலின் நிலையும் அதுவே.

இந்த ஓட்டைக்குப் பிற்காலத்தில் மூன்று ஒட்டுகள் போட்டார்கள். எஸ்.பி.எஃப். என்பது ஒரு டொமைன் (மெயில் முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர்) பெயரில் மெயில் அனுப்ப எந்தெந்த சர்வர்களுக்கு அனுமதி உண்டு என்ற பட்டியல். டி.கே.ஐ.எம். என்பது மெயிலோடு வரும் மின்னணு முத்திரை. வழியில் யாராவது மெயிலை மாற்றினால் முத்திரை பொருந்தாது. டிமார்க் என்பது, இந்தச் சோதனைகளில் தேறாத மெயிலை என்ன செய்வது என்று டொமைனின் உரிமையாளர் சொல்லிவைக்கும் கட்டளை: அப்படியே விடுவதா, ஸ்பேமில் போடுவதா, அடியோடு நிராகரிப்பதா. ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரே நாளில் 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புவோர் மூன்றையும் அமைத்திருக்க வேண்டும் என்று கூகுள் 2024 பிப்ரவரியில் கட்டாயமாக்கியது.

டிமார்க்கைப் போட்டுவிட்டு, 'எதுவும் செய்யாதே' என்ற முதல் நிலையிலேயே விட்டுவிடும் கம்பெனிகள் உண்டு. அப்படி விட்டால் காவலாளி வாசலில் உட்கார்ந்து வருகிறவர் பெயரையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டிருப்பார். ஒருவரையும் நிறுத்த மாட்டார்.

சரி, மூன்றும் ஒழுங்காக இருந்தால் தப்பித்துவிடலாமா? முடியாது. மோசடிக்காரருக்கு இன்னும் மூன்று வழிகள் மிச்சமிருக்கின்றன.

1. பெயர் மட்டும் உங்கள் எம்.டி.யுடையது, முகவரி ஏதோ ஒரு ஜிமெயில். கைப்பேசித் திரையில் பெயர் மட்டுமே தெரிவதால் இது இன்றைக்கும் பலிக்கிறது. பெயரைத் தொட்டால் முழு முகவரியும் தெரியும்.

2. பார்வைக்கு ஒன்றாகத் தெரியும் டொமைன். ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் ஆர், என் இரண்டையும் ஒட்டி எழுதினால் எம் மாதிரி தெரியும். ரஷ்ய எழுத்து வரிசையில் இருக்கும் ஒரு ஏ, ஆங்கில ஏ-வைப் போலவே இருக்கும். தமிழில் டைப் செய்பவர்களுக்கு இது புதிதல்ல. 'கௌ' என்று ஒரே எழுத்தாக அடித்தாலும், 'கெ' போட்டுப் பக்கத்தில் 'ள' போட்டாலும் கண்ணுக்கு ஒன்றுதான். கணினிக்கு இரண்டும் வேறு வேறு. அப்படி ஒரு டொமைனை மோசடிக்காரர் சொந்தமாகவே பதிவு செய்துகொள்கிறார் என்பதால், மேலே சொன்ன மூன்று சோதனைகளிலும் அது தேறிவிடும். அவர் தன் டொமைனிலிருந்து தான் அனுப்பியதாகத்தானே நிரூபிக்கிறார்?

3. முகவரி உண்மையானது, அனுப்பியவர்தான் வேறு. ஒருவருடைய மெயில் அக்கவுண்டையே கைப்பற்றி அங்கிருந்து எழுதுவது.

லிங்க்கைப் படிக்கும் முறை ஒன்று உண்டு. இரட்டைச் சாய்கோட்டுக்குப் பிறகு வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டைக் கண்டுபிடியுங்கள். அதிலிருந்து இடப்பக்கமாகத் திரும்பிப் படியுங்கள். சாய்கோட்டை ஒட்டி இருக்கும் கடைசிப் பகுதியே, அதாவது 'டாட் காம்' போன்ற முடிவும் அதற்கு முந்தைய பெயருமே, தளத்தின் உண்மையான சொந்தக்காரர். அதற்கு முன்னால் புள்ளி வைத்து எந்த வங்கியின் பெயரையும் யாரும் சேர்த்துக்கொள்ளலாம். இந்திய வங்கிகள் எல்லாம் 2025 அக்டோபர் 31-க்குள் 'டாட் பேங்க் டாட் இன்' என்ற முடிவுக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது இந்தச் சோதனையை எளிதாக்கத்தான். அந்த முகவரியை வங்கிகள் மட்டுமே பெற முடியும்.

## மெயில்பாக்ஸுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பவர்

அக்கவுண்டையே கைப்பற்றும் மூன்றாவது வழியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். நம் ஊர் ஏற்றுமதி நிறுவனங்களுக்கு ஆபத்து அதிகம் இதில்தான். திருப்பூரிலிருந்து ஐரோப்பாவுக்குப் பின்னலாடை அனுப்பும் ஒரு யூனிட் என்று வைத்துக்கொள்வோம்.

ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசருக்கு ஒரு மெயில் வருகிறது: 'திருத்திய பர்ச்சேஸ் ஆர்டர் இணைப்பில் உள்ளது'. லிங்க்கைத் தட்டினால் மைக்ரோசாஃப்ட் லாகின் பக்கம் மாதிரி ஒன்று திறக்கிறது. அவர் பாஸ்வேர்டு போடுகிறார். கைப்பேசிக்கு ஓடிபி வருகிறது, அதையும் போடுகிறார். ஓடிபி வந்ததாலேயே, இது உண்மையான பக்கம்தான் என்று அவருக்கு நம்பிக்கை வந்துவிடுகிறது. நடந்தது வேறு. போலிப் பக்கம் நடுவில் நின்றுகொண்டு, அவர் அடித்ததை அந்தந்த நொடியிலேயே உண்மையான பக்கத்துக்குக் கடத்துகிறது. உண்மையான மைக்ரோசாஃப்ட்தான் ஓடிபி அனுப்பியது. உள்ளே நுழைந்தவுடன் பிரவுசருக்குக் கிடைக்கும் 'இவர் ஏற்கெனவே லாகின் ஆனவர்' என்ற அனுமதிச்சீட்டை நடுவில் நிற்பவர் பிடித்துக்கொள்கிறார். அதற்குப் பிறகு அவருக்குப் பாஸ்வேர்டும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். இந்த முறையில் 10,000-க்கும் மேற்பட்ட நிறுவனங்களைக் குறிவைத்த ஒரு தாக்குதலை மைக்ரோசாஃப்ட் 2022 ஜூலையில் வெளிப்படுத்தியது.

அடுத்து அவர் செய்வது காத்திருப்பது. எந்த பையர், எப்போது ஷிப்மென்ட், எத்தனை நாளில் பணம், இன்வாய்ஸ் எந்த வடிவத்தில் போகும், மெயிலை எப்படித் தொடங்கி எப்படி முடிப்பார்கள் என்று எல்லாவற்றையும் படிக்கிறார். 'பேமென்ட்', 'இன்வாய்ஸ்' என்ற சொற்கள் உள்ள மெயில்கள் இன்பாக்ஸில் நிற்காமல் யாரும் திறக்காத ஃபோல்டருக்குப் போக விதி எழுதிவைக்கிறார். சரக்கு கப்பல் ஏறி, பணம் வர வேண்டிய வாரத்தில், பழைய மெயில் தொடரிலேயே பையருக்குப் பதில் போகிறது: 'எங்கள் கணக்கு ஆடிட்டில் இருக்கிறது, இந்த முறை மட்டும் கீழ்க்கண்ட கணக்குக்கு அனுப்புங்கள்.' அதே லெட்டர்ஹெட், அதே இன்வாய்ஸ் எண், அதே தொகை. மாறியது கணக்கு எண் மட்டும்.

'பணம் இன்னும் வரவில்லையே' என்று திருப்பூரிலிருந்து கேட்கும்போதுதான் 'போன வாரமே அனுப்பிவிட்டோமே' என்று பதில் வரும். சரக்கும் போயிற்று, பணமும் போயிற்று. அப்புறம் அந்த நஷ்டம் யார் தலையில் என்ற தகராறு தொடங்கும். பல ஆண்டு உறவு அதில் முறிந்துபோகலாம். குறைந்த லாபத்தில் ஓடும் ஒரு யூனிட்டுக்கு ஒரு கன்டெய்னரின் பணம் போவது என்றால், தொழிலாளர்களின் வாரச் சம்பளத்திலேயே அது தெரியும்.

## எழுத்துப்பிழையைத் தேடாதீர்கள், கேட்பது என்ன என்று பாருங்கள்

பிழையான ஆங்கிலம் இருந்தால் போலி என்று நெடுநாளாகச் சொல்லிக்கொடுத்து வந்தார்கள். அதற்குக் காரணமும் இருந்தது. 2016 பிப்ரவரியில் வங்கதேச மத்திய வங்கியின் நியூயார்க் கணக்கிலிருந்து ஏறத்தாழ 95 கோடி டாலரை உருவ முயன்றார்கள். அமெரிக்கப் புலனாய்வின்படி அதன் தொடக்கம், வேலை கேட்டு விண்ணப்பிப்பதுபோல வங்கி ஊழியர்களுக்கு வந்த மெயில்கள். இலங்கையில் ஓர் அறக்கட்டளையின் கணக்குக்குப் போக வேண்டிய 2 கோடி டாலர் நின்றதற்குக் காரணம், 'ஃபவுண்டேஷன்' என்ற சொல்லை 'ஃபேண்டேஷன்' என்று அடித்துவிட்டார்கள் என்பதே. நடுவில் இருந்த வங்கி சந்தேகப்பட்டு விளக்கம் கேட்டது. பிலிப்பைன்ஸுக்குப் போன 8.1 கோடி டாலரில் அப்படிப் பிழை எதுவும் கண்ணில் படவில்லை. அது போய்விட்டது.

இன்று செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பிழையில்லாமல் எழுதிக்கொடுக்கின்றன, தமிழிலும்கூட. பிழை இல்லை என்பதால் மெயில் உண்மை என்று முடிவுகட்டினால் ஏமாந்துபோவோம். மெயில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதை விட்டுவிட்டு, உங்களை என்ன செய்யச் சொல்கிறது என்று பாருங்கள். கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தால், அனுப்பியவர் யாராக இருந்தாலும் நிறுத்துங்கள்.

1. வங்கிக் கணக்கு எண் மாற்றம். சப்ளையருடையதாக இருக்கலாம், எச்.ஆருக்கு வரும் 'என் சம்பளக் கணக்கை மாற்றுங்கள்' என்ற ஊழியர் கோரிக்கையாகவும் இருக்கலாம்.

2. லிங்க் வழியாக லாகின் செய்யச் சொல்வது. மெயிலில் க்யூஆர் கோடு வைத்து 'கைப்பேசியில் ஸ்கேன் செய்யுங்கள்' என்பதும் இதே வகைதான். அலுவலகக் கணினியின் பாதுகாப்பிலிருந்து உங்களை வெளியே இழுப்பது அதன் நோக்கம்.

3. ஓடிபி கேட்பது, அல்லது நீங்கள் லாகின் செய்யாத நேரத்தில் 'அனுமதிக்கவும்' என்று கைப்பேசியில் கேட்பது.

4. கோப்பைத் திறந்தபின் 'எடிட்டிங்கை இயக்கு', 'கன்டென்ட்டை இயக்கு' என்று கெஞ்சுவது.

5. 'மீட்டிங்கில் இருக்கிறேன், போன் எடுக்க முடியாது, கிஃப்ட் கார்டு வாங்கி எண்ணை அனுப்பு' என்று மேலதிகாரி பெயரில் வருவது.

இவற்றோடு அவசரமும் ரகசியமும் சேர்ந்து வந்தால் சந்தேகம் இரட்டிப்பாக வேண்டும். ஆஸ்திரியாவின் விமான உதிரிபாக நிறுவனமான எஃப்.ஏ.சி.சி., தலைமை அதிகாரி பெயரில் வந்த போலி மெயிலை நம்பி ஏறத்தாழ 5 கோடி யூரோ அனுப்பியது. 2016-இல் உண்மையான தலைமை அதிகாரியே அதற்காகப் பதவி இழந்தார். நம் அலுவலகங்களில் இந்த வலை இன்னும் எளிதாக விழும் என்றே நினைக்கிறேன். எம்.டி. கேட்டதை 'சார், நீங்கள்தான் அனுப்பினீர்களா?' என்று போன் செய்து கேட்கக் கூச்சப்படுவோம். கேட்டால் திட்டு விழும் என்ற பயமும் உண்டு. அந்தப் பயத்தைப் போக்க வேண்டியவர் ஊழியர் அல்லர். 'பண விஷயத்தில் என்னை எந்த நேரத்திலும் கூப்பிட்டுக் கேளுங்கள்' என்று எம்.டி.தான் எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும்.

## மெயிலில் வந்ததை மெயிலிலேயே சரிபார்க்கக் கூடாது

சந்தேகம் வருவது பாதி வேலைதான். அதை எங்கே தீர்த்துக்கொள்கிறோம் என்பது மீதி. அரப் என்ற பொறியியல் நிறுவனத்தின் ஹாங்காங் ஊழியருக்கு, நிதித் தலைவர் பெயரில் ரகசியப் பரிமாற்றம் பற்றி ஒரு மெயில் வந்தது. அவர் அதை ஃபிஷிங் என்றே சந்தேகித்தார். ஆனால் அடுத்து ஒரு வீடியோ கூட்டத்துக்கு அழைத்தார்கள். நிதித் தலைவரும் தெரிந்த முகங்களும் திரையில் இருந்ததைப் பார்த்துச் சந்தேகம் தீர்ந்தது. 15 தவணைகளில் 20 கோடி ஹாங்காங் டாலர் அனுப்பினார். திரையில் இருந்த மற்ற எல்லோருமே போலி உருவங்கள். அவருடைய சந்தேகம் சரி. ஆனால் அதைத் தீர்த்துக்கொண்ட இடம் மோசடிக்காரர் திறந்துவைத்த கதவு.

எனவே விதி இது: மெயில் வருவதற்கு முன்பே உங்களிடம் இருந்த வழியில் சரிபாருங்கள். மெயிலுக்குப் பதில் போட்டு 'உண்மையா?' என்று கேட்டால், 'ஆமாம்' என்று திருடரே சொல்வார். மெயிலின் அடியில் இருக்கும் போன் நம்பரும் அவருடையதாக இருக்கலாம். பழைய பதிவேட்டில், முதல் ஒப்பந்தத்தில் இருக்கும் எண்ணுக்கு நீங்களாகவே கூப்பிட்டு, உங்களுக்குப் பழக்கமான ஆளிடம் பேசுங்கள்.

ஆர்டிஜிஎஸ், நெஃப்ட் மூலம் பணம் அனுப்பும்போது, கணக்கு எண்ணையும் ஐஎஃப்எஸ்சியையும் போட்டவுடன் பெறுபவர் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி வங்கிகளிடம் சொன்னது. அதைக் கட்டாயம் பாருங்கள். ஒரு ரூபாய் அனுப்பிப் பார்ப்பதும் நல்லதுதான். ஆனால் பெயர் பொருந்துகிறது என்பதோடு நின்றுவிடக் கூடாது. குவாண்டா பெயரிலேயே கம்பெனி பதிவு செய்தவரின் கணக்கிலும் பெயர் பொருந்தத்தான் செய்தது. கணக்கு மாற்றம் என்றால் போன் அழைப்பு, ஒரு தொகைக்கு மேல் போனால் இரண்டாவது ஆளின் ஒப்புதல். இரண்டுக்கும் விலக்கு கிடையாது.

## நிர்வாகம் செய்ய வேண்டியது

ஊழியர்களுக்கு வகுப்பு எடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கும் நிறுவனங்களுக்கு ஓர் ஆய்வைச் சொல்ல வேண்டும். சுவிட்சர்லாந்தின் இ.டி.எச். சூரிக் ஆய்வாளர்கள் ஒரு பெரிய நிறுவனத்தின் 14,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களை 15 மாதம் கவனித்தார்கள். சோதனைக்காக அனுப்பிய போலி மெயிலைக் கிளிக் செய்தவருக்கு உடனே பாடம் காட்டும் முறை பலனளிக்கவில்லை, சிலரை முன்பைவிட எளிதாக ஏமாறுபவர்களாகவும் ஆக்கியது. பயன் தந்தது இன்னொன்று: சந்தேக மெயிலை ஒரே பொத்தானில் புகார் செய்ய விட்டால், ஊழியர்கள் கூட்டாகச் சேர்ந்து புதிய தாக்குதல்களை வேகமாகக் கண்டுபிடித்தார்கள்.

தொழில்நுட்பத்தில் ஒன்றை மட்டும் செய்ய முடியும் என்றால் பாஸ்கீ (பாஸ்வேர்டுக்குப் பதிலாகக் கைப்பேசியிலோ கணினியிலோ இருக்கும் மின்னணுச் சாவி) அல்லது யுஎஸ்பி பாதுகாப்புச் சாவிக்கு மாறுங்கள். இவை எந்த டொமைனுக்காகப் பதிவு செய்யப்பட்டனவோ அங்கே மட்டுமே வேலை செய்யும். மனிதக் கண் ஏமாந்தாலும் சாவி ஏமாறாது, போலிப் பக்கத்துக்கு அது பதிலே சொல்லாது. 2017 தொடக்கத்தில் 85,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களுக்கு இதைக் கட்டாயமாக்கியபின், வேலைக் கணக்குகளில் ஒன்றுகூட ஃபிஷிங்கில் பறிபோகவில்லை என்று கூகுள் 2018-இல் சொன்னது. அதோடு டிமார்க்கை நிராகரிப்பு நிலைக்குக் கொண்டுபோவதும், வெளி முகவரிகளுக்கு மெயில் தானாகப் போவதை நிறுத்துவதும் ஐ.டி. பிரிவு செய்யக்கூடியவை.

## கிளிக் செய்துவிட்டால்

1. உடனே ஐ.டி. பிரிவிடமும் மேலாளரிடமும் சொல்லுங்கள். மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மோசடிக்காரருக்குச் சாதகம். சொன்ன ஊழியரைத் தண்டிக்கும் அலுவலகத்தில் அடுத்த முறை யாரும் சொல்ல மாட்டார்கள்.

2. வேறொரு கணினியிலிருந்து பாஸ்வேர்டை மாற்றுங்கள். அது மட்டும் போதாது. 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்பதையும் செய்தால்தான் திருடிய அனுமதிச்சீட்டு செல்லாததாகும்.

3. மெயில் அமைப்புகளில் நீங்கள் எழுதாத விதி, தெரியாத ஃபார்வர்டு முகவரி, புதிதாகச் சேர்ந்த கைப்பேசி எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

4. கோப்பைத் திறந்திருந்தால் வைஃபையை அணைத்து, நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள். கணினியை நீங்களாக ஃபார்மட் செய்ய வேண்டாம், தடயம் போய்விடும்.

5. பணம் போயிருந்தால் முதல் அழைப்பு உங்கள் வங்கிக்கு. அடுத்தது 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணுக்கு. சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்திலும் புகாரைப் பதியலாம். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் முடக்கினால்தான் திரும்பக் கிடைக்க வாய்ப்பு. வெளிநாட்டுக்குப் போன பணம் என்றால், வங்கிகளுக்கிடையே செய்தி அனுப்பும் ஸ்விஃப்ட் வலையமைப்பு மூலம் திரும்பக் கேட்கும் செய்தியை அன்றைக்கே அனுப்பச் சொல்லி வங்கியிடம் எழுத்தில் கொடுங்கள்.

6. நிறுவனம், மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும். 2022 ஏப்ரல் 28-இல் வந்த உத்தரவின்படி, கவனத்துக்கு வந்த 6 மணி நேரத்துக்குள். ஆள்மாறாட்ட மோசடிக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவில் 3 ஆண்டு வரை சிறை உண்டு.

7. அந்த மெயிலை அழிக்காதீர்கள். ஃபார்வர்டு செய்தாலும் ஸ்கிரீன்ஷாட் எடுத்தாலும் மெயில் எந்த சர்வர்கள் வழியாக வந்தது என்று காட்டும் தலைப்பு விவரங்கள் போய்விடும். ஜிமெயிலில் 'அசலைக் காட்டு' என்ற இடத்திலிருந்து முழுக் கோப்பாக இறக்கிவையுங்கள்.

8. உங்கள் பையர்களையும் சப்ளையர்களையும் ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டுச் சொல்லுங்கள். உங்கள் பெயரில் அவர்களுக்கும் கணக்கு மாற்ற மெயில் போயிருக்கலாம். அவர்களில் ஒருவர் இந்நேரம் அந்தக் கணக்குக்குப் பணம் அனுப்பத் தயாராகிக்கொண்டிருக்கலாம்.